பல்லுள்ள குளத்துக்கு மலிவான ரப்பர் மீன்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம் அம்மா மீன்பிடிப் பரீட்சை எழுதினார். ஜேர்மனியில் ஒரு குளத்தில் தூண்டில் போட வேண்டுமென்றால் முதலில் அந்தப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலையை முடித்து, சத்திரசிகிச்சையில் ஒரு முழங்காலை மாற்றி, வைத்தியர் சொன்னபடி கெல்சென்கிர்ச்சன் கால்வாய்க் கரையில் தினமும் நடந்துகொண்டிருந்தவருக்கு, அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. எங்கள் சமையலறை அலுமாரிக் கதவுகளில் மீன் படங்கள் ஒட்டப்பட்டன. அவர் வெங்காயம் வெட்டும்போது நான் ஒரு படத்தைத் தொடுவேன். நிமிர்ந்து பார்த்து ஜேர்மன் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி குனிவார். முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். அந்த அனுமதி அட்டை இப்போது அவருடைய கைப்பையில், வங்கி அட்டைக்கும் முன்னால் இருக்கிறது.

எனக்கு அந்த அட்டை இல்லை. ஆகவே நான் தூண்டிலைத் தொடக் கூடாது. எனக்கு மிஞ்சியவை மூன்று வேலைகள்: கார் ஓட்டுவது, பை தூக்குவது, கடையில் எதை வாங்குவது என்று தீர்மானிப்பது. மூன்றாவதை நான் மிகுந்த விருப்பத்தோடு செய்தேன். குழாய்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில்தான் எனக்கு வேலை. பொருட்களை இழுத்து, நசுக்கி, முறுக்கி, எப்போது கிழிகின்றன என்று பார்ப்பதற்குத்தான் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். அம்மா குளத்தில் போடுவதும் ரப்பர்தான். விரல் நீளமுள்ள மெத்தென்ற பொம்மை மீன், தலையில் ஈயக் குண்டும் கொக்கியும், பின்னால் தட்டையான வால். நீரில் இழுத்தால் அந்த வால் இடமும் வலமும் அடித்துக்கொண்டு உயிருள்ள மீனைப் போல வரும்.

அம்மா பிடிக்க விரும்பியது பார்ஷ். பாஸ் என்ற பெயரில் உலகமெங்கும் பல மீன்கள் இருக்கின்றன, எங்கள் பக்கத்துக்கு இதுதான். பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், சிவந்த செட்டைகள், முள் குறைந்த வெள்ளைத் தசை. ஆனால் அம்மா சேர்ந்திருந்த சங்கத்தின் குளம் முன்பு மணல் தோண்டிய பள்ளம். தண்ணீர் தெளிவு, கரையெல்லாம் நாணல், நாணலுக்குள் ஹெஹ்ட் என்ற வேட்டை மீன். தாராவின் அலகு போல நீண்ட வாய், அந்த வாய் முழுக்க ஊசிப் பற்கள். பார்ஷுக்காக வீசிய ரப்பர் மீனை முதலில் கண்டுகொள்வது அதுதான். ஒரு கோடை முழுவதும் அம்மா வீசினார், இழுத்தார், வாலில்லாத ரப்பரை எடுத்துப் பார்த்தார். மீன் எதுவும் வரவில்லை.

இது வுப்பர்டாலில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் தெரிந்துபோயிற்று.

"எடி, நீ மீன் பிடிக்கப் போறியோ, மீனுக்குச் சாப்பாடு குடுக்கப் போறியோ?"

"பிடிப்பன் அக்கா. அவசரப்பட ஏலாது."

"சஷ்டிக்கு முந்தின ஞாயிறு நான் உங்கை வாறன். நீ பிடிச்ச மீன் என்ர சோத்துக் கோப்பையில இருக்க வேணும். இல்லையெண்டால் அந்தத் தடியை என்னட்டைத் தந்திடு. தோட்டத்தில தக்காளிக்கு நாட்ட நல்ல தடி ஒண்டும் இல்லை."

"சரி. வாங்கோ," என்றார் அம்மா. தொலைபேசியை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அந்தத் தூண்டில் தடி, சலவைக்கூடத்துத் தோழிகள் ஓய்வுபெறும் நாளில் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பெரியம்மாவோ சொன்னால் செய்கிறவர். ஒரு முறை விளையாட்டாய்ப் பந்தயம் வைத்து எங்கள் சித்தப்பாவின் கோட் சூட்டை வாங்கிக்கொண்டு போய்த் தலையணை உறை தைத்தவர்.

கந்தசஷ்டி விரதம் தொடங்கினால் பெரியம்மா மார்கழித் திருவெம்பாவை முடியும்வரை மீனைத் தொட மாட்டார். அதற்குப் பிறகு ஹெஹ்ட் முட்டையிடும் காலம், ரப்பர் மீன் வீசவே சங்கம் தடை போட்டுவிடும். நான் வார நாட்களில் வேலைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமையில் உயிர் கொல்வது அம்மாவுக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் நாள். எஞ்சியவை இரண்டு சனிக்கிழமைகள்.

நான் நிதானமாகத் தொடங்கினேன். முதலாவது, கம்பி. நூலுக்கும் ரப்பர் மீனுக்கும் நடுவில் ஒரு சாண் மெல்லிய உருக்குக் கம்பி கட்டாயம். கம்பியைக் கண்டு பார்ஷ் மிரளும் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். ஆனால் நூல் அறுந்து, வாயில் கொக்கியோடு ஒரு ஹெஹ்ட் குளத்துக்குள் திரிவதை விட, மிரண்ட பார்ஷ் பரவாயில்லை. அதில் பேச்சுக்கு இடமில்லை. இரண்டாவது, நீளம். பெரிதாக வாங்கினால் பார்ஷின் வாய்க்குக் கொள்ளாது, சிறிதாக வாங்கினால் பெரும்பாலும் குஞ்சுகள்தான் கடிக்கும். நடுவிரல் நீளம் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது, விலை. ஓய்வூதியத்தில் வாங்குகிற சாமான், ஒரு பின்னேரத்தில் ஒரு பொதி தீர்ந்துபோனால் கட்டுப்படியாகாது. மலிவாய் இருக்க வேண்டும், கடி தாங்க வேண்டும். கடி தாங்குமா என்று கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

கடையில் இருந்த மலிவான வகைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பொதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எங்கள் பிரிவின் தலைவரான மெய்ஸ்டரிடம் இழுவை இயந்திரத்தைக் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையில் வரிசையாகக் கிடந்த வண்ண மீன்களைப் பார்த்தார்.

"இது எந்தத் தரநிலையின்படி?"

"அம்மாவின் தரநிலை."

"அப்படியானால் கடுமையானதுதான். நடத்து."

இயந்திரத்தின் ஒரு கவ்வி தலையைப் பிடித்தது, மற்றது வாலை. ஒவ்வொன்றாக நீண்டன. சில உடனே அறுந்தன. பருப்புக் கறி நிறத்தில், கடை வாசல் கூடையில் கிடந்த ஒன்று கவ்வியை இறுக்கும்போதே துண்டாயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்து நின்று ஆளுக்கொரு மீனின் மேல் பந்தயம் கட்டினார்கள். கடைசியாக ஒரு நீல மீன். அது நீண்டது, மேலும் நீண்டது, பென்சில் தடிப்புக்கு வந்தது, அப்போதும் கிழியவில்லை. பிறகு கவ்வியிலிருந்து வழுகிப் பறந்து போய் மெய்ஸ்டரின் யன்னல் கண்ணாடியில் "சளார்" என்று ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாலையில் நீல மீனில் பொதி பொதியாக வாங்கினேன்.

முதல் சனிக்கிழமை குளத்தில் நீல மீன் விழுந்த சற்று நேரத்திலேயே தடி வளைந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சுழற்றினார். வந்தது ஹெஹ்ட். என் முழங்கை நீளம்கூட இல்லை. சங்கம் வைத்த அளவுக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். அம்மா நீண்ட குறட்டால் கொக்கியைக் கழற்றி விட்டார். அடுத்ததும் ஹெஹ்ட். அதற்கடுத்ததும். என் நீல மீன் கிழியவே இல்லை. கிழியாததால் கடித்த எதுவும் தப்பவில்லை, அதைக் கழற்றி விடுவதிலேயே பகல் போயிற்று.

சங்கத்தின் கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா அட்டையை நீட்டிவிட்டார். அவர் என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினேன்.

"அவ சும்மா," என்று அம்மா ஜேர்மனில் விளக்கினார். "அவ ரப்பர் மட்டும்."

பின்னேரம் காரில் ஏறும்போது அம்மாவின் உற்சாகம் இறங்கியிருந்தது.

"குளத்தில உள்ள குட்டி ஹெஹ்ட் எல்லாத்துக்கும் இண்டைக்குப் பல்லு வைத்தியம் பார்த்தாச்சு. பார்ஷ் ஒண்டும் வரேல்லை."

"இதைவிடப் பலமான ரப்பர் இல்லை அம்மா. நான் சோதிச்சுப் பார்த்தனான்."

"பலம் கிடக்கட்டும். உது நீந்துதோ?"

அம்மா தடியை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே கேட்டது அது. ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, களைப்பில் வந்த முணுமுணுப்பு. எனக்கு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியபோதுதான் அது பிடித்துக்கொண்டது. எங்கள் ஆய்வுகூடத்தில் வெப்பநிலை எப்போதும் இருபத்து மூன்று பாகை. எல்லாச் சோதனைகளும் அதில்தான். அது எனக்குச் சுவரின் நிறம் போல, கவனத்துக்கே வராத விஷயம். அன்று காலை குளத்து நீரை நான்தான் அளந்தேன். ஒன்பது பாகை. குளிரில் ரப்பர் இறுகும் என்பதை அவுஸ்பில்டுங்கின் முதல் மாதத்திலேயே படிப்பிக்கிறார்கள். இறுகிய வாலை ஆட வைக்க வேகமாக இழுக்க வேண்டும். வேகமாக ஓடுவதைத் துரத்துவது ஹெஹ்ட். குளிர்ந்த நீரில் சோம்பிக் கிடக்கும் பார்ஷ் திரும்பியும் பார்க்காது.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்ததும் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். குழாயின் குளிர் போதவில்லை. உறைபெட்டியிலிருந்த ஐஸ் கட்டிகளைக் கொட்டினேன், அதுவும் போதவில்லை. பிறகு உள்ளே என்ன இருந்ததோ அதையெல்லாம் எடுத்து வந்து மிதக்க விட்டேன். ஒன்பது பாகை வந்தது. ஒவ்வொரு ரப்பர் மீனையும் நூலில் கட்டி, தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல மெல்ல இழுத்தேன். நீல மீன் ஒரு குச்சி போல வந்தது. வால் அசையவே இல்லை.

அம்மா கதவைத் திறந்தார்.

"எடி! என்ர முருங்கைக்காய்ப் பொதியெல்லாம் ஏன் குளிக்குது?"

"தண்ணி ஒன்பது பாகையில இருக்க வேணும் அம்மா."

அவர் தொட்டியைப் பார்த்தார், என் கையிலிருந்த நூலைப் பார்த்தார்.

"மீன் பிடிக்கிறாய். லைசன்ஸ் இருக்கோ?"

சொல்லிவிட்டு அவரே விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். முருங்கைக்காயை ஓரமாக ஒதுக்கி வழி விடுவது அவர் பொறுப்பாயிற்று. நான் இழுப்பேன், அவர் தீர்ப்புச் சொல்வார். "இது செத்துப்போச்சு." "இது வெறிகாரன் மாதிரிப் போகுது." "உது பரவாயில்லை, ஆனால் இடுப்பை மட்டும்தான் ஆட்டுது." கடைசியில் பருப்புக் கறி நிற மீன். இயந்திரத்தில் இறுக்கும்போதே அறுந்த வகை. ஆமை வேகத்தில் இழுத்தேன். அதன் வால் தளதளவென்று, நிறுத்தாமல், தொட்டியின் முனைவரை அடித்துக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அப்படியே.

"இதுக்குத்தான் பசி வரும்," என்றார் அம்மா.

மலிவு என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குச் சரியாக விளங்கியது. கடி தாங்குவதைத் தேடியது பிழையான கேள்வி. எது கடித்தாலும் கிழியத்தான் போகிறது, கிழிந்தால் மனம் நோகாத விலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடை இன்னும் கடை வாசலில் இருந்தது. அதிலிருந்த பருப்புக் கறி மீன்கள் அனைத்தையும் அள்ளி வந்தேன். ஆய்வுகூடத்தில் மெய்ஸ்டர் கேட்டபோது, தோற்றதுதான் வென்றது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வெப்பநிலையா என்று கேட்டார். ஆம் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை குளத்தின் மேல் புகை போலப் பனி. நாணல் ஓரத்தை விட்டு, கற்கள் சரிந்து ஆழமாகும் மறு கரைக்குப் போனோம். அங்கே ஹெஹ்ட் குறைவாக இருக்கும் என்பது என் கணக்கு. கணக்கு அரைவாசி சரி. இரண்டாம் வீச்சிலேயே ஒரு வால் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று பாதியாக வந்தது. அம்மா வெறும் தலையை எடுத்துப் பார்த்து, "சாப்பிடு ராசா, நிறைய இருக்கு," என்று குளத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் புதிதை மாட்டினார். கோபமே இல்லை. அந்த மனநிலைக்குத்தான் நான் அந்த விலை கொடுத்திருந்தேன்.

மத்தியானம் கடந்தது. தேநீர் முடிந்தது. அம்மா தடியைப் பிடித்திருந்த விதம் மாறியிருந்தது, அடிக்கடி அதன் கைபிடித் தக்கையைத் தடவினார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வுப்பர்டால் தோட்டத்தில் அந்தத் தடி மண்ணுக்குள் நிற்பதைத்தான்.

"மெதுவா அம்மா. இன்னும் மெதுவா."

"இதைவிட மெதுவா எண்டால் நித்திரையாப் போடுவன்."

அப்போது தடியின் நுனி தட்டியது. ஒரு முறை, பிறகு டக் டக் என்று. அம்மா தடியைச் சுண்டினார். தடி வளைந்து நின்று குலுங்கியது.

"பிள்ளை, இது வேற. இது தலையை ஆட்டுது!"

"தடியை உயர்த்திப் பிடியுங்கோ. இறுக்காதேங்கோ."

"லைசன்ஸ் இல்லாதவை கதைக்கக் கூடாது."

தெளிந்த நீரில் முதலில் சிவந்த செட்டை தெரிந்தது. பிறகு கறுப்புக் கோடுகள். பார்ஷ், அதுவும் அம்மாவின் முன்கை அளவு. நான் என் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். கரைக்கு இரண்டு மீற்றர் இருக்கும்போது கற்களுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை நிழல் கிளம்பியது. ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் பார்ஷை ஒரு பெரிய ஹெஹ்ட் குறுக்காகக் கவ்வியிருந்தது.

அம்மா அலறினார். "விடடா! விடடா நாயே, அது அக்காவுக்கு!"

"இழுக்காதேங்கோ! இழுத்தால் தசை கிழியும். அப்பிடியே வைச்சிருங்கோ."

இந்த ஒன்றை நான் தொழில் முறையாகச் சொன்னேன், அம்மா கேட்டார். நூல் தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. ஹெஹ்ட் அசையாமல் நின்று யோசித்தது. அதன் கண் எங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. மீனை அள்ளி எடுக்கும் கோரு வலை கரையில் கிடந்தது, என் காலடியில். எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கொடுத்தேன். ஒரு கையில் தடி, மறு கையில் வலை. எட்டவில்லை. அம்மா கற்களின் மேல் முழங்காலிட்டார். வைத்தியர் செய்யவே கூடாதென்று சொன்னது அது.

"அம்மா, முழங்கால்!"

"அது ஜேர்மன் இரும்பு. ஒண்டும் ஆகாது."

வலை நீருக்குள் இறங்கி, இரண்டு மீன்களுக்கும் அடியில் மெல்ல நகர்ந்தது. வலையின் விளிம்பைக் கண்டதும் ஹெஹ்ட் வாயைத் திறந்தது. ஒரு அடி அடித்தது. அம்மாவின் முகம், கண்ணாடி, கழுத்துத் துண்டு எல்லாம் தண்ணீர். அம்மா கண்ணை மூடிக்கொண்டே வலையைத் தூக்கினார். உள்ளே பார்ஷ், வாயில் பருப்புக் கறி நிற ரப்பர், இரண்டு பக்கமும் வரிசையாகப் பற்தடங்கள்.

பரீட்சைக்குப் படித்தபடி தலையில் ஒரே அடி, பிறகு கத்தி. எல்லாவற்றையும் அவரே செய்தார். செய்து முடித்து, ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். காரில் ஹீட்டரை முழுதாகப் போட்டும் அவர் நடுக்கம் நிற்கவில்லை. வீடு வரும்வரை "கண்டனியோ, கண்டனியோ" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சப்பாத்தைக் கழற்றியதும் நேரே சமையலறைக்கு வந்தார். மீன் தலையோடு முழுதாகத் தட்டத்தில் கிடந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நல்ல வடிவான மீன். எந்தக் கடையடி?"

அம்மா மீனின் பக்கத்தில் விரலை வைத்து, அந்தப் பல் வரிசைகளைக் காட்டினார். பிறகு மீனைப் புரட்டி மறு பக்கத்தையும் காட்டினார்.

"எந்தக் கடைக்காரன் அக்கா இப்பிடி மீன் விப்பான்? நான் இழுக்க இழுக்க ஹெஹ்ட் வந்து கவ்வினது. பிள்ளையைக் கேளுங்கோ."

பெரியம்மா குனிந்து தடங்களைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. நிமிர்ந்தார்.

"அப்ப இது எச்சில் மீன்."

நான் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. அம்மாவும்தான். கையிலிருந்த மஞ்சள் தூள் டப்பா அப்படியே நின்றது.

"என்ன அக்கா சொல்லுறீங்கள்?"

"இன்னொண்டு வாய் வைச்ச சாமானை நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"சின்னனில அணில் கடிச்ச கொய்யாப்பழத்துக்கு என்னோட அடிபட்டனீங்கள்!"

"அது அணில். கொறிச்சுத் தின்னுற சீவன்."

"இதுகும் பாவம், கொறிக்கத்தான் பார்த்தது. நான் விடேல்லை."

பெரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா செதிலை எடுத்து, துண்டு போட்டு, மிளகாய்த் தூளும் மஞ்சளும் தடவினார். தடவுவதில் வழக்கத்தைவிட அழுத்தம் இருந்தது. சட்டியில் எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டு விழுந்து சீறியது. கறிவேப்பிலை விழுந்தது. வாசனை சமையலறையை நிறைத்தது. பெரியம்மா இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"நெருப்பில போட்டாப் பிறகு எச்சில் எண்டு ஒண்டு இல்லை," என்றார் கடைசியில், என்னைப் பார்த்து. "சோத்தைப் போடு பிள்ளை."

அம்மா முதலாவது துண்டை அவருடைய கோப்பையில் வைத்தார். வைத்துவிட்டு, அகப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். பெரியம்மா முள்ளைப் பிரித்து ஓரமாக வைத்தார். ஒரு வாய். இன்னொரு வாய். தசையை வழித்து வழித்து, நடுமுள் மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டார்.

"உப்புக் காணாது," என்று சொல்லிவிட்டு, கோப்பையை இன்னொரு துண்டுக்காக நீட்டினார்.

அம்மா சிரித்த சிரிப்பில் அகப்பை நிலத்தில் விழுந்தது. நான் எழுந்து அடுப்பை நிறுத்தினேன். அம்மா சட்டியிலிருந்த மிகப் பெரிய துண்டை, நேற்று ஹெஹ்ட் வாய் வைத்த அதே நடுத் துண்டை எடுத்து, அக்காவின் சோற்றின் மேல் வைத்தார்.